உப்பு போட்ட ஐஸ்

என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லப்போகிறேன்.

நாமெல்லாம் இந்தத் தீவில், வண்டூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இன்றைக்குப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு காலையில் பூப்படம், மாலையில் ஜெபம், நடுவில் எவனோ எழுதிய வைத்தியக் குறிப்பு என்று அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நான் எதையும் படிப்பதில்லை. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். போன மாதம் நம் கோயில் உபதேசியார் மகன் போட்டதை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாதீர்கள் என்று ஒரு வீடியோ. அதன் கீழே அவனே எழுதியிருந்தான்: "இதுக்கு வெளியூர் ஆதாரம் எதுக்கு? நம்ம ஊர்லயே நடந்துச்சே. ஊசி போட்ட பிள்ளைங்க செத்துச்சு. போடாத ஆளு இன்னைக்கும் இந்த குரூப்ல உக்காந்துருக்கு."

போடாத ஆள் என்றது என்னை. உடனே உங்களில் எத்தனை பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள்! ஒருத்தராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அவனுடைய பேத்தி கைக்குழந்தை. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது போட்டதோடு சரி, அதன் பிறகு ஒரு தவணைகூடப் போட அவன் விடவில்லை. அந்தக் குழந்தையின் தாய்க்கு அவன் காட்டிய ஆதாரம் நான். இதைத் தெரிந்துகொண்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க நான் என்ன மரக்கட்டையா? ஹேடோ துறைமுகத்தில் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கப்பல்காரனிடமும் லாரிக்காரனிடமும் கத்தியே பிழைத்தவள் நான். கோபம் வந்தால் நிதானமாக எழுத வராது. வரிசை மாறினால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மழைக்காலத்தையும் அதன் பின்னால் வந்த கிறிஸ்துமஸையும் மட்டும் சொல்கிறேன்.

என் அப்பாவை உங்களுக்கெல்லாம் ஐஸ்காரர் என்றுதான் தெரியும். ஹேடோ பக்கம் இருந்த ஐஸ் பிளாண்டிலிருந்து லாரியில் பாளம் பாளமாக ஐஸ் கொண்டுவருவார். உமியும் சாக்கும் சுற்றி வரும். நம் ஆட்கள் கரையேற்றும் மீனைப் பெட்டியில் அடுக்கி டவுனுக்கும் கப்பலுக்கும் அனுப்புவது அவர் பொறுப்பு. மரச் சுத்தியலால் பாளத்தை அவர் நொறுக்கும் சத்தம்தான் எங்கள் வீட்டுக்குக் காலை மணி. தெறித்து விழும் சில்லுகளைப் பொறுக்கி நாம் எல்லோரும் வாயில் போட்டுக்கொள்வோம். உமி ஒட்டியிருக்கும், லேசாக மீன் நாற்றமும் இருக்கும். அதையெல்லாம் யார் பார்த்தது?

பக்கத்து ஊருக்குப் போகிற மீனுக்கு வெறும் ஐஸ் போதும். கப்பல் ஏறிப் போகிற வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் மட்டும் அப்பா நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைக் கை நிறைய அள்ளித் தூவுவார். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் இன்னும் கீழே இறங்கும். அதில் விரலை வைத்தால் சுட்டதுபோல எரியும், எடுத்துப் பார்த்தால் விரல் நுனி வெளுத்துப்போயிருக்கும். உப்பு போட்ட பெட்டியில் வைத்த மீன் கட்டைபோல விறைத்துக் கிடக்கும். "உப்பு போட்டா ஐஸுக்கே குளிரெடுக்கும், ஏ பிள்ள" என்று அப்பா என்னிடம் பெருமையாகச் சொல்வார். பச்சைப் பெயின்ட் அடித்து, உள்ளே தகரம் பதித்த பெரிய பெட்டி ஒன்று வைத்திருந்தார். அந்தப் பெட்டியைச் சுனாமி கொண்டுபோனது. போனதில் எனக்கு வருத்தம் இல்லாத ஒரே சாமான் அதுதான்.

அந்த வருஷம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் முத்தடுப்பு ஊசி போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஹெல்த் சாப் ஜீப்பில் வந்தார். டவுனிலிருந்து வந்த பெரிய அதிகாரி, இந்திக்காரர், மழையிலும் வெள்ளை ஷூ போட்டிருப்பார். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், வில்வாத ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று தடவை போட வேண்டும். மருந்து மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து, டவுனில் நல்ல குளிரில்தான் இருந்தது. வண்டூரில்தான் தகராறு. நம் டிஸ்பென்சரியில் இருந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜ் எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து சேரும்வரை சில நாள் மருந்தைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

சாபுக்கு ஒரு யோசனை வந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மச்லி ஜைஸா சம்பால்கே ரக்னா" என்று மருந்தை அப்பா கையில் கொடுத்தார். மீனைப் பார்ப்பதுபோலப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. சர்க்கார் மருந்தை அவரை நம்பி ஒப்படைக்கிறார்கள். "மச்லிசே பீ அச்சா ரகேகா சாப்!" என்றார்.

மீனைவிட நன்றாக வைப்பதென்றால் என் அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பச்சைப் பெட்டியைக் கழுவி, நொறுக்கிய ஐஸைப் பரப்பி, கப்பல் மீனுக்குப் போடுவதைவிட அதிகமாக உப்பைத் தூவி, அதற்குள் மருந்துக் குப்பிகளைப் புதைத்தார். சாப் பக்கத்தில் நின்று பார்த்தார். "பஹுத் அச்சா" என்று அப்பாவின் தோளில் தட்டிவிட்டு ஜீப் ஏறினார். படித்த மனுஷன், அதிகாரி, அவர் வேலையே அதுதான். உறைந்தால் அந்த மருந்து செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் அக்கறை இல்லையா? இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் அப்பா ஐஸ் மாற்றும்போது நானும் தம்பியும் எட்டிப் பார்த்தோம். எல்லாக் குப்பிக்குள்ளும் மருந்து வெள்ளைக் கோலிக்குண்டாக இறுகியிருந்தது. ஒன்றிரண்டு குப்பி விரிசல் விட்டிருந்தது. தம்பி ஒன்றைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான். அப்பா திட்டவில்லை. "பாத்தியால, கல்லு மாதிரி நிக்குது. இனி கெடவே கெடாது" என்றார். தம்பிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பேச்சு மழலை, நடை மட்டும் பெரிய மனுஷன் நடை. லுங்கி கேட்டு அழுது, அப்பாவின் பழைய லுங்கியைக் கிழித்து அம்மா தைத்துக்கொடுத்ததைக் கட்டிக்கொண்டு கரையில் மீன் விலை பேசப் போவான்.

ஊசி போடும் நாள் பள்ளிக்கூட வராந்தாவில் நாம் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? நமக்கு வயது தாண்டிவிட்டதால் ஊசி இல்லை என்று என்ன குதி குதித்தோம்! ஊசி போட்டது டிஸ்பென்சரி நர்ஸ், மலையாளத்து சிஸ்டர். கறுப்புக் குடையும் கோணிப்பையுமாக மழையில் வீடு வீடாக நடந்து, பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லித் தாய்மாரிடம் கெஞ்சியவர். சிஸ்டர் ஒவ்வொரு குப்பியாக உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டி உருக்கினார். உருகின மருந்து முன்னைப்போல இல்லை. திரிந்துபோன தேங்காய்ப்பாலாக, அடியில் திப்பி திப்பியாக இறங்கியது. சிஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சாப், யே டீக் ஹை கியா?" இது சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

சாப் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹிலாகே லகா தோ" என்றார். குலுக்கிவிட்டுப் போடு, அவ்வளவுதான்.

சிஸ்டர் குலுக்கினார், போட்டார். பிள்ளைகளுக்கு அந்த ஊசி பிடித்துப்போனது. வழக்கமான ஊசிபோல எரியவில்லை, சில்லென்று இறங்கியது. உபதேசியாரின் கடைசி மகள், இப்போது வீடியோ போட்டானே அவனுடைய தங்கை, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என் தம்பி இன்னொன்று கேட்டான். "ஐஸ் ஊசி! ஐஸ் ஊசி!" என்று பிள்ளைகள் ஊரெல்லாம் கத்திக்கொண்டு ஓடியது என் காதில் இருக்கிறது. அப்பா அன்றைக்குக் கரையில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! அடுத்த இரண்டு தவணைக்கும் அதே பெட்டி, அதே உப்பு.

கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நீங்களெல்லாம் கைகூப்புகிறீர்கள்.

தொண்டை அடைப்பானில் ஆளைக் கொல்வது கிருமி கக்குகிற விஷம். நம் உடம்புக்குள் காவல் இருக்கிறது. இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், வந்தவன் யாரென்று பார்க்கும். ஆனால் முன்பின் பார்க்காத முகத்தை அது அடையாளம் கண்டு, அதற்கேற்ற ஆயுதத்தைச் செய்து முடிக்க நாளாகும். அந்த விஷம் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் ஊசி. அதே விஷத்தைப் பல் பிடுங்கிய பாம்பாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். கடிக்காது, ஆனால் முகம் அதே முகம். காவல் அதைச் சாவகாசமாகப் பார்த்து, ஆயுதம் செய்து பழகி, அந்த முகத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது தவணை அந்த ஞாபகத்தைக் கெட்டிப்படுத்தத்தான். பிறகு நிஜப் பாம்பு வரும்போது வாசலிலேயே அடி விழும்.

அந்த மருந்து தனியாக மிதப்பதில்லை. படிகாரம் போன்ற ஓர் உப்பின் நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துகள்தான் காவலைத் தட்டி எழுப்பி, இதைக் கவனி என்கிறது. உறைந்துவிட்டால் துகள்கள் திரண்டு கட்டியாகிவிடும். உருக்கினாலும் பழையபடி ஆகாது. உள்ளே போகும், காவல் ஏறெடுத்தும் பார்க்காது. வெயிலில் வைத்தால் மருந்து கெடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குளிரிலும் கெடும் என்று மீனையே பார்த்து வளர்ந்த நம் ஊரில் யாருக்குத் தோன்றும்?

மழை விட்டது. வாசலில் நட்சத்திரம் கட்ட மூங்கில் சீவிக்கொண்டிருந்தோம். தம்பி தொண்டை வலி என்றான். லேசான காய்ச்சல், அவ்வளவுதான். அம்மா மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். குடித்தது மூக்கு வழியாக வந்தது. பிறகு குரல் மாறியது. அவனுடைய பெரிய மனுஷப் பேச்செல்லாம் கரகரவென்று தேய்ந்து வெறும் காற்றாகிவிட்டது. கழுத்து வீங்கி முகமும் நெஞ்சும் ஒன்றாகிவிட்டன. அம்மா டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தாள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. எத்தனையோ மீன் அழுகிய வாடையில் வளர்ந்தவள் நான், அந்த வாடையை வேறெங்கும் கண்டதில்லை.

அத்தனை நாளும் அவன் என் பாயில்தான் படுத்திருந்தான். என் போர்வை, என் தம்ளர், அவன் இருமினால் என் முகத்தில்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த விஷத்தை முறிக்கும் மருந்து மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வருவதற்குள் விஷம் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அம்மா மடியில் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தலை அப்படியே சாய்ந்துவிட்டது. உபதேசியாரின் மகள் அடுத்த வாரம் போனாள். இன்னும் சில பிள்ளைகள் படுத்து எழுந்தார்கள்.

அடக்கம் செய்யச் சாமியார் மறுநாள்தான் வர முடியும் என்று சேதி வந்ததால் தம்பியை ஐஸில் வைக்க வேண்டியிருந்தது. அப்பாதான் பாளத்தை நொறுக்கினார். பெட்டி வேண்டாம் என்று அம்மா கத்தினாள், பலகையில் பரப்பினார். உப்புச் சாக்கில் கையை விட்டவர், பிறகு உப்பைப் போடாமல் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை குழந்தைக்கு எரியுமே என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. சாமியார் இல்லாத நாளில் ஜெபம் சொல்லும் உபதேசியார்தான் நமக்கெல்லாம் பெரியவர். மகளைப் புதைத்த கண்ணோடு நின்றார். அவரைச் சுற்றி ஆட்கள். நடுவில் மலையாளத்து சிஸ்டர், கையில் மடக்கிய குடை. முதலில் எகிறியது என் அப்பா.

"நான் பொன்னு மாதிரி பாத்து வச்சிருந்தேன். நீ அதுல என்னத்தக் கலந்த?"

"நான் ஒண்ணும் கலக்கல சேட்டா. வந்த மருந்து தானே குத்தி வச்சேன். நான் சாப்கிட்ட சோதிச்சதும் ஆணு, இது சரியான்னு கேட்டேன்."

சாப் அங்கே இல்லை. சாப் ஏன் வரப்போகிறார்? அடுத்த வருஷம் மெயின்லேண்டுக்கு மாற்றலாகி மாலை மரியாதையோடு கப்பல் ஏறினார்.

உபதேசியார் என் கையைப் பிடித்து இழுத்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். "இந்தப் பிள்ளையப் பாருங்க. தம்பிகூட ஒரே பாயில கெடந்தா. இவளுக்கு இந்தம்மா ஊசி போடல. இவ நிக்கா. போட்ட பிள்ளைங்க மண்ணுக்குள்ள போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கு அன்றைக்கு ஒன்பது வயது. ஊரே என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தது. தம்பி சாக நான் உயிரோடு இருப்பதையே குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தப் பார்வையின் கூச்சம் இன்னும் என் தோலில் இருக்கிறது.

அப்போது அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "இவளுக்கும் போட்டிருக்கு. இங்க வாறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல, மடத்து ஆஸ்பத்திரில, கைப்பிள்ளையா இருக்கும்போது மூணு தடவ. நடந்தப்புறம் இன்னொண்ணு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். இதே ஊசி."

கேட்டார்களா? "துக்கத்துல பேசுதா, கூட்டிட்டுப் போங்க" என்றார் உபதேசியார். அப்பா, என் அப்பா, "சும்மா கெட, ஒனக்கு என்ன தெரியும்?" என்று அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்த முற்றத்தில் பொருள் உள்ள ஒரே வாக்கியத்தைச் சொன்னவள் அவள். அதை உங்கள் அப்பன்மார் அத்தனை பேரும் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அங்கேயே கேள்வி மாறியிருக்கும். அதே ஊசி மெயின்லேண்டில் பலித்து இங்கே ஏன் பலிக்கவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். பச்சைப் பெட்டிக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

யாரோ மீன் கழுவிய தண்ணீரை சிஸ்டர் மேல் ஊற்றினார்கள். சிஸ்டர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மழை இல்லாத நாள். நனைந்த வெள்ளைச் சேலையை மறைக்கத்தான் விரித்தார் என்று எனக்கு வெகுகாலம் கழித்துப் புரிந்தது. அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பின் நம் குடியிருப்பில் பல வருஷம் எந்தத் தாயும் பிள்ளையை ஊசிக்குக் கொண்டுபோகவில்லை. கக்குவான் வந்து எத்தனை பிள்ளைகள் நீலம் பாரித்து இழுத்தன என்பதை உங்கள் வீடுகளில் கேட்டுப்பாருங்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? என் மகனுக்கு ஊசி போடப் போனபோது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு குப்பிகளைச் சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைத்தார். ஒன்று சீராகக் கலங்கியே நின்றது. இன்னொன்றில் திப்பி திப்பியாக அடியில் இறங்கியது. "இது வேணும்னே உறைய வச்சது. இப்படி இறங்கினா தூக்கிப் போட்டுடணும். போட்டும் போடாத மாதிரிதான்" என்றார். நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜைக்குக் கிட்டே போய் அந்தக் குப்பியைப் பார்த்தேன். திரிந்த தேங்காய்ப்பால். சிஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. ஹிலாகே லகா தோ.

கோர்ட்டுக்குக் கொண்டுபோக என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உறைந்ததை என் கண்ணால் பார்த்தேன், உருகித் திரிந்ததையும் பார்த்தேன். அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். போய்ச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னத ஒருத்தனாவது கேட்டானா?" என்றாள். அதோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். உபதேசியார் மகனின் பெண், ஹேடோ குவாட்டர்ஸில் இருப்பவள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அத்தை, அப்பா சொல்றாங்க. நெஜமாவே நீங்க ஊசி போடாதவங்களா?"

"போட்டவ. எல்லாத் தவணையும் போட்டவ. அதனாலதான் உன் முன்னாடி நிக்கிறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவனே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வாசலிலிருந்தே கத்தினான்.

"ஏ பிள்ள, எம் பொண்ணுகிட்ட என்ன ஏத்திவிடுத? எந்தங்கச்சியக் கொன்ன ஊசிய எம் பேத்திக்கும் போடச் சொல்லுதியா?"

"கொன்னது ஊசி இல்லல. அதுக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போனதுதான் கொன்னுச்சு. யாரு அத ஒண்ணுமில்லாம ஆக்குனது தெரியுமா? எங்கப்பா. எங்கப்பா போட்ட உப்பு."

அதை அதுவரை நான் வீட்டுக்கு வெளியே வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்கு என் அப்பா என்றால் உயிர். அவன் தங்கைக்கும் அவர்தான் ஐஸ் பரப்பினார்.

"ஐஸ்காரர் மாமாவையா சொல்லுத?" என்றான். முகம் கறுத்துவிட்டது. "செத்த மனுசன் மேல பழியப் போடுதியே. நீயெல்லாம் ஒரு மகளா?"

"செத்தவரக் காப்பாத்தி என்னல செய்யப்போற? இருக்கறதக் காப்பாத்து."

அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பெண் மட்டும் நின்றாள். "எப்போ போடுவாங்க, அத்தை?" என்றாள். புதன்கிழமை என்றேன்.

புதன்கிழமை அவளோடு நானும் போனேன். அங்கிருந்த சிஸ்டர் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்ததும் நான் காட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காட்டினார். வெளிச்சத்தில் பார்த்தேன். திப்பி இல்லை, சீராகக் கலங்கி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது, உறைந்த அடையாளம் இல்லை. ஊசி இறங்கியதும் குழந்தை அப்படி ஒரு கத்து கத்தியது. தொடையைத் தேய்த்து, தாயின் தோளில் போட்டுத் தட்டி, என்ன செய்தும் நிற்கவில்லை.

வெளியே வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு உபதேசியார் மகன் நின்றான். எப்போது வந்தானோ தெரியவில்லை. பெண்ணைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குழந்தையின் சிவந்த முகத்தையே பார்த்தான்.

"ரொம்ப அழுதாளா?" என்று கேட்டான்.

"ஊரக் கூட்டிட்டா" என்றேன்.

தலையை ஆட்டினான். கண்ணைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

"அன்னைக்கு எந்தங்கச்சி அழவே இல்ல" என்றான். "சிரிச்சால்லா."